மண்டேலாவின் ரிவோனியா உரை: உங்களை விடாமல் துரத்தும் இடம் எது?

பிரிட்டோரியாவாசி:
வேலைக்குப் போகும் வழியில்தான் ரிவோனியா வழக்கு நடந்த நீதிமன்றம். தென்னாப்பிரிக்க வெள்ளையர் அரசு, நாசவேலை செய்ததாக மண்டேலா மீதும் தோழர்கள் மீதும் போட்ட வழக்கு அது. 1964 ஏப்ரல் 20 அன்று அங்கேதான் பேசினார் என்று தெரியும், அவ்வளவுதான். பிறகு ஒரு ராத்திரி ஒலிப்பதிவைக் கேட்டேன். அனல் பறக்கும் என்று பார்த்தால், மனிதர் எழுதி வைத்ததை நிதானமாக வாசித்துக்கொண்டே போகிறார். கடைசிப் பத்திக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, நீதிபதி டி வெட்டை நேருக்கு நேர் பார்த்து, சாகவும் தயார் என்று சொன்னாராம். பார்வையாளர் பக்கம் பெண்கள் அழுதிருக்கிறார்கள். நீதிபதியோ, அடுத்த சாட்சியைக் கூப்பிடலாம் என்றாராம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வரலாற்று வாத்தியார்:
எல்லாரும் கடைசிப் பத்தியிலேயே நின்றுவிடுகிறீர்கள். நடுவில் அவர் வைத்த கணக்கை யார் பேசுகிறார்கள்? ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு கறுப்பினக் குடும்பம் பிழைக்க மாதம் 42.84 ராண்ட் வேண்டும். சராசரிக் கூலி 32.24. வகுப்பில் வாசித்தபோது ஒரு பெண் நோட்டு ஓரத்தில் கழித்து 10.60 என்று எழுதிவிட்டு, "அந்தப் பத்து ராண்டுக்கு என்ன சார் பண்ணாங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

கேப்டவுன் போய்வந்தவன்:
வாத்தியார் சொல்வது சரிதான், ஆனால் கடைசிப் பத்தியை லேசாக எடுக்காதீர்கள். மண்டேலாவின் வழக்கறிஞர் பிராம் ஃபிஷரே அதை வாசிக்க வேண்டாம் என்று மன்றாடினார். முன்கூட்டியே படித்த இன்னொரு வழக்கறிஞர், இதை வாசித்தால் நீதிமன்றத்துக்குப் பின்னாலேயே தூக்கில் போட்டுவிடுவார்கள் என்றார். தெரிந்தேதான் மண்டேலா அதைச் சொன்னார். ஜூன் 12-ல் ஆயுள் தண்டனை.
என் அனுபவம், அவரை அடைத்து வைத்திருந்த ராபன் தீவுச் சிறையில். சாப்பாட்டு அளவுப் பலகையில் ஆசியர்களுக்கு ஜாம் உண்டு, கறுப்பர்களுக்குக் கிடையாது. ஒரே வழக்கில் உள்ளே போன இந்திய வம்சாவளி கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை, மண்டேலாவுக்கு அரைக்கால் சட்டை. நான் அங்கே இருந்திருந்தால் ஜாம் வரிசையில் நின்றிருப்பேன். மனசு கூசியது.

மதுரைவாசி:
நான் பேருந்தில் போகும்போது கொஞ்சம் கேட்டேன், அவ்வளவுதான். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். துண்டு வீடியோ பார்க்காதீர்கள். மூன்று மணி நேரம் கிட்ட ஓடும், பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். 1960-ல் ஷார்ப்வில் என்ற ஊரில் போராடிய கறுப்பின மக்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 69 பேர் செத்ததை முதலில் படித்துவிடுங்கள். அகிம்சையில் நின்ற அவருடைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சிக்காரர்கள் ஏன் நாசவேலைக்குப் போனார்கள் என்று அவர் விளக்கும் பகுதி அப்போதுதான் பிடிபடும். எழுத்து வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது, பழைய பதிவு என்பதால் சில இடம் தெளிவாக இருக்காது.