அவர் கிழித்தெடுத்த தாள்

வெள்ளவத்தையான்:
என் சிறுகதைத் தொகுப்பின் வெளியீட்டன்று, முதற்பிரதி பெற வந்திருந்த கோயில் அறங்காவலர் மேடையிலேயே நூலைப் புரட்டினார். அடகு வைத்த வேலாயுதத்தை மீட்கச் கொழும்புச் செட்டியார் தெருவில் வரிசையில் நிற்கும் முருகனின் கதை வந்ததும், ஒரு சொல்லும் பேசாமல் அந்தத் தாளைக் கிழித்தார். வீசியெறிவார் என்றுதான் நினைத்தேன். முருகனின் பெயர் அச்சாகிய தாள் காலில் மிதிபடக்கூடாதல்லவா? நான்காக மடித்து, கண்ணில் ஒற்றி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆறு ஆண்டுகளாகியும், கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு அந்த மடிப்புத்தான் நினைவுக்கு வருகிறது.

தெமட்டகொடைவாசி:
மேலே எழுதியவர் அச்செயலை அழகாக்கிவிட்டார். என்னால் ஏற்க முடியவில்லை. உங்களுக்குப் போனது ஒரு தாள். எனக்குக் கவிதையே போனது, அதுவும் என் கையால். பள்ளிவாசல் முன்னே கையேந்தும் பெண்ணைப் பற்றிய அக்கவிதைக்காக நிர்வாகத்தார் மூவர் 2020 இன் இறுதியில் வீட்டுக்கு வந்தனர். மார்க்கத்துக்கு மாறானது என்பார்கள் என்று பதில்களோடு காத்திருந்தேன். மூத்தவரோ, "இதை யாராவது பிழையாகச் சிங்களத்தில் பெயர்த்துக் கொடுத்தால் நாங்கள் என்ன செய்வது, மகன்?" என்று மட்டும் கேட்டார். 'நவரசம்' கவிதை நூலை எழுதிய அஹ்னாப் ஜஸீம் அவ்வாண்டு மே மாதமே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகியிருந்தார். அன்றிரவே அழித்தேன். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தபோது, என் கவிதையின் இரண்டாம் வரிகூட எனக்கு நினைவில் இல்லை.

கொட்டாஞ்சேனைச் சட்டத்தரணி:
நண்பர் அழித்தது தவறு. என் அனுபவம் சிறியது: நாடகப் பிரதியில் 'பாதிரியார்' என்பதைப் 'பெரியவர்' என மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஆனால் எழுதுவோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3 ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் மத வெறுப்பைப் பரப்புவதைத்தான் குற்றமாக்குகிறது. மனம் புண்படுதல் அதில் இல்லை. இருந்தும் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, பிக்குமாரைத் தொட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி, நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். அப்பிரிவில் பிணை வழங்க நீதவானுக்கு அதிகாரமில்லை, மேல்நீதிமன்றத்துக்கே செல்லவேண்டும். 2021 பெப்ரவரியில்தான் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆகவே முழுப் பிரதியையும் திகதியிட்டு வைத்திருங்கள், ஏனெனில் முறைப்பாட்டாளர் ஒரு பத்தியை மட்டுமே கொண்டுபோவார். நம்பகமான சிங்கள மொழிபெயர்ப்பொன்றையும் முன்கூட்டியே செய்து வையுங்கள்.

வெள்ளவத்தையான்:
நான் ஆலோசனை கேட்கவில்லை, ஐயா. ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தத் தாளின் மறுபக்கத்தில் என் அம்மாவைப் பற்றிய அடுத்த கதை தொடங்கியிருந்தது. கிழித்த பிரதியை அவர் என்னிடமே திருப்பித் தந்தார். இப்போது என்னிடம் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.