பொருள்: நீர் ராசிக் குழந்தைக்கு ஒரு சொல் வேண்டும் (புதன்கிழமைக்குள்)

திருப்பூரிலிருந்து:

நம் சொல் தேடும் குழுவில் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

இங்கே கைக்குழந்தைகளுக்குப் பனியன் துணி தைக்கிற கம்பெனி ஒன்று இதுவரை ஏற்றுமதிக்கு மட்டும் தைத்துவந்தது. இந்த ஆடியிலிருந்து உள்ளூர்க் கடைகளுக்கும் கொடுக்கப்போகிறார்கள். ஒவ்வொரு சட்டையிலும் ஒரு சின்ன அட்டை தொங்கும். பிறந்த தேதிக்கு என்ன ராசி, அந்த ராசிக் குழந்தை எப்படி இருக்கும் என்று நாலு வரி. வெளிநாட்டு வியாபாரிக்காக எழுதியது. தமிழில் எழுதித் தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. புதன்கிழமை அச்சுக்குப் போகிறது.

கடகம், விருச்சிகம், மீனம், இந்த மூன்று அட்டையில் நிற்கிறேன். மூன்றையும் நீர் என்னும் பூதத்தில் சேர்த்திருக்கிறார்கள். அம்மா முகம் வாடினால் இந்தக் குழந்தையும் வாடுமாம். புது ஆள் கை பட்டால் சிணுங்கும், தண்ணீர் ஊற்றினால் அடங்கும், தனியே கிடந்து எதையோ பார்த்துச் சிரிக்கும்.

எனக்கு வேண்டியது இரண்டு சொல். ஒன்று, இந்த மூன்று ராசிக்கும் பொதுப்பெயர். 'நீர்த்தன்மை ராசிக் குழந்தை' என்று எழுதிப் பார்த்தேன், பதின்மூன்று எழுத்து. ஒரு வரியில் பன்னிரண்டுக்கு மேல் நிற்காது என்கிறார் அச்சுக்காரர். இரண்டாவது, குழந்தையின் 'ஆளுமை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தொட்டிலில் கிடப்பதற்கு ஆளுமையா? வேறு என்ன சொல்லலாம்?

பவானியிலிருந்து:

அம்மணி, நல்ல கேள்வி. நாற்பது வருஷம் தமிழ் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 'ராசி' வேண்டாம், 'ஓரை' என்று எழுதுங்கள். தொல்காப்பியர் களவியலிலேயே சொல்லியிருக்கிறார்: 'மறைந்த ஒழுக்கத்து ஓரையும் நாளும் துறந்த ஒழுக்கம் கிழவோற்கு இல்லை.' நாள் என்பது நட்சத்திரம், ஓரை என்பது ராசி. இரண்டாயிரம் வருஷச் சொல் கையில் இருக்கும்போது எதற்குக் கடன்?

நீருக்குப் புனல் என்று போட்டால் 'புனலோரைக் குழந்தை'. பன்னிரண்டு எழுத்துக்குள் அடங்குகிறது. ஓர்தல் என்றால் உணர்தல், ஆராய்தல். காலத்தை ஓர்ந்து அறிவதால் ஓரை. என் வீட்டிலிருந்து கூடுதுறை நடக்கிற தூரம்தான். ஆடிப்பதினெட்டுக்குப் புதுப்புனல் வரும்போது அந்தச் சொல்லின் அழகு தானே தெரியும்.

கோபியிலிருந்து:

ஐயா, எட்டாம் வகுப்பில் அறிவியல் நடத்துகிறவள் நான். எங்கள் ஆய்வகத்தில் புனல் என்றால் எண்ணெய் ஊற்றுகிற கூம்புக் குழாய். பிரிபுனல் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் போய் வந்த எந்த அம்மாவுக்கும் 'புனலோரை' என்றால் முதலில் அந்தக் குழாய்தான் கண்ணில் வரும். இலக்கியச் சொல்லை எடுத்து அறிவியல்காரர்கள் வேறு வேலைக்கு வைத்துவிட்டார்கள். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நடந்தது நடந்துவிட்டது.

'தண்ணி ராசி' என்பதையும் தொடவே வேண்டாம். நம் பக்கம் தண்ணி என்றால் வேறு பொருளும் இருக்கிறது.

காங்கேயத்திலிருந்து:

ஐயாவுக்கு வணக்கம். ஜாதகம் கணிக்கிற வீட்டில் பிறந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓரை. தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பாருங்கள், குரு ஓரை, சுக்கிர ஓரை என்று மணிக் கணக்கு போட்டிருக்கும். மக்களுக்கு ஓரை என்றால் ஒரு மணி நேரம், நல்ல காரியம் தொடங்குகிற நேரம். 'புனலோரைக் குழந்தை' என்றால் ஏதோ ஒரு மணிக்குள் பிறந்தது என்று நினைப்பார்கள். வேரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகலும் இரவும் சேர்ந்த நாளைக் குறிக்கும் அகோராத்திரம் என்பதில் முன்னெழுத்தும் பின்னெழுத்தும் கெட்டு 'ஹோரா' ஆயிற்று என்றொரு கருத்தைப் பழைய வடமொழிச் சோதிட நூலாசிரியர் வராகமிகிரர் குறிப்பிடுகிறார். கிரேக்கத்திலும் அதே ஒலியில் அதே பொருளில் சொல் இருக்கிறது. ஓர்தலிலிருந்து வந்தது என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது, நீர். இதுதான் பெரிய சிக்கல். பழைய நூலில் ஜல ராசி என்பது உருவத்தை வைத்துச் சொன்னது. நண்டு நீரில் இருக்கும், மீன் நீரில் இருக்கும், மகரத்தின் பின்பாதி நீரில் இருக்கும். தேள் எங்கே நீரில் இருக்கிறது? அதைப் பூச்சி இனத்தில்தான் வைத்தார்கள். அட்டைக்காரர்கள் சொல்வது பூதக் கணக்கு: தீ, நிலம், காற்று, நீர் என்று வரிசையாக மும்மூன்று ராசி. நம் கணக்கில் ஐந்து பூதம், 'நிலம் தீ நீர் வளி விசும்பு'. அவர்கள் ராசிக் கணக்கில் விசும்பு கிடையாது. இன்றைய தமிழ்ச் சோதிடப் புத்தகங்கள் இந்தப் பூதக் கணக்கையும் 'ஜல ராசி' என்றே எழுதுகின்றன. ஒரே பெயருக்குள் இரண்டு கணக்கு.

மூன்றாவது, தேதி. அட்டையில் கடகம் ஜூன் 21 முதல் ஜூலை 22 வரை என்று இருக்கும், இல்லையா? நமக்குச் சூரியன் கடகத்தில் நுழைவதுதான் ஆடி ஒண்ணு, ஜூலை 17 வாக்கில். அவர்கள் ராசிச் சக்கரமும் நம்முடையதும் இப்போது ஏறக்குறைய 24 பாகை தள்ளி நிற்கின்றன. 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் விலகி வந்த தூரம் அது. ஜூலை 5 பிறந்த குழந்தைக்கு அட்டை கடகம் என்னும், ஆனி மாதத்துக் குழந்தை என்பதால் நம் கணக்கில் சூரியன் மிதுனம். அதுவும் சூரியன் கணக்குதான். அம்மாவைப் பெற்ற அமுச்சி 'பொடுசுக்கு என்ன ராசி?' என்று கேட்டால் அவர் கேட்பது சந்திரன் நின்ற ராசி. சந்திரன் ஒரு ராசியில் இருப்பது இரண்டேகால் நாள். ஒரே மாதத்தில் பன்னிரண்டு ராசிக்கும் குழந்தை பிறக்கும். ஆகவே வெறும் 'ராசி' என்று எழுதினால் வீட்டில் ஜாதகத்தை வைத்துக்கொண்டு அட்டை தப்பு என்பார்கள். 'சூரிய ராசி' என்று எங்காவது ஒரு வரி போட்டே ஆகவேண்டும்.

பவானியிலிருந்து:

தம்பி, கணக்கை ஒப்புக்கொள்கிறேன், சொல்லை விடமாட்டேன். குறுந்தொகையில் 'ஓரை ஆயம்' வருகிறது. ஓரை அங்கே பெண்பிள்ளைகள் விளையாட்டு. இப்படி ஒலியில் ஒன்றாகவும் பொருளில் வேறாகவும் ஒரு சொல் சங்க காலத்திலேயே வேரூன்றி இருக்கிறது என்றால், கிரேக்கத்திலிருந்துதான் வந்தது என்று எப்படி முடிவு கட்டுவது? குழந்தையையும் விளையாட்டையும் காலத்தையும் ஒன்றாகத் தாங்குகிற சொல் இது ஒன்றுதான். துணி அட்டைக்கு இதைவிடப் பொருத்தமாக எது வரும்?

கோபியிலிருந்து:

பரிபாடல் பதினோராம் பாட்டை நினைத்துக்கொண்டேன். வையையில் வெள்ளம் வந்த அன்று கோள்கள் எங்கெங்கே நின்றன என்று பாடுகிற இடம். மேஷத்துக்கு வருடை, ரிஷபத்துக்கு ஏறு, தனுசுக்கு வில். அதே மூச்சில் மிதுனம், மகரம். அந்தப் புலவருக்குத் தமிழும் வடமொழியும் அருகருகே உட்காருவதில் சங்கடமே இல்லை. அவருக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்குங்க? நம் சீனாபுரத்தார் என்று நாம் சொல்லிக்கொள்ளும், நன்னூல் எழுதிய பவணந்தியும் 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல' என்றுதானே முடித்தார்.

என் ஓட்டு 'நீர் ராசி'. ஒரு பயம் மட்டும் இருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு. 'நீர் ராசி' என்றதும் 'தண்ணியில கண்டமா?' என்று கேட்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். சிலர் சளி பிடிக்கிற உடம்பு, நீர்க்கோவை என்று எடுத்துக்கொள்வார்கள். கீழே உள்ள நாலு வரி அந்தப் பயத்தைப் போக்குகிற மாதிரி எழுதவேண்டும்.

கோவையிலிருந்து:

இரண்டாவது சொல்லுக்கு வருகிறேன். குழந்தை வளர்ச்சி பாடம் எடுப்பவன் என்பதால் இதில் அக்கறை அதிகம். 1956இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமசும் ஸ்டெல்லா செஸ்ஸும் பச்சைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். சில குழந்தைகள் எதற்கும் சட்டென்று இணங்கும், சில முரண்டு பிடிக்கும், சில மெதுவாகப் பழகும். புது ஆளைக் கண்டு சிணுங்கும் என்று அட்டை சொல்வது இந்த மூன்றாம் வகையை ஒட்டி வருகிறது. அதற்கு ராசி காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. 1985இல் நேச்சர் இதழில் ஷான் கார்ல்சன் வெளியிட்ட சோதனையில், ஜாதகத்தையும் குணக்குறிப்பையும் சோதிடர்களால் பொருத்திக் காட்ட முடியவில்லை, குருட்டு வாய்ப்புக்கு மேல் தேறவில்லை. என் கருத்து அதுதான், சொல்லிவிட்டேன். ஆனால் குழு கூடியது சொல்லுக்காக.

ஆளுமை வளர்ந்து, பழகி, ஆளாகி வருவது. பிறக்கும்போதே கூட வருவது வேறு. அதற்கு 'பிறவிக்குணம்' சரியாக இருக்கும்.

பவானியிலிருந்து:

பிறவிக்குணத்தைவிட நல்ல சொல் இருக்கிறது: நீர்மை! நீர்மை என்றால் தன்மை, குணம், இனிமை எல்லாம். நம்மாழ்வார் காலத்திலிருந்து உரைகாரர்கள் வரைக்கும் ஆண்ட சொல். திருக்குறளில் பாருங்கள், 'நிறைநீர நீரவர் கேண்மை பிறைமதிப் பின்நீர பேதையார் நட்பு.' நீரும் வந்தது, குணமும் வந்தது, கடகத்துக்கு அதிபதியான மதியும் வந்துவிட்டது. 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்பதையும் சேருங்கள். ஊற்றுகிற நிலத்தின் நிறத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, தாய் மடியின் குணத்தைப் பிள்ளை வாங்கிக்கொள்கிறது. அட்டைக்காரன் நாலு வரியில் சொன்னதை வள்ளுவர் ஒரே அடியில் சொல்லிவிட்டார். 'நீர்மைக் குழந்தை' என்று போடுங்கள், உங்களுடைய இரண்டு கேள்விக்கும் ஒரே விடை.

திருப்பூரிலிருந்து:

ஐயா, படித்ததும் உடம்பு சிலிர்த்தது. இரண்டு மணி நேரம் அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் மேஷத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். குணம்தான் நீர்மை என்றால் ஒவ்வொரு ராசிக்கும் ஒரு நீர்மை உண்டு. 'நெருப்பு ராசியின் நீர்மை' என்று அச்சடிக்க முடியுமா? தனியாக நின்றால் நகை மாதிரி இருக்கிறது, பன்னிரண்டு அட்டையில் வரிசையாக வைத்தால் ஒன்றையொன்று அடிக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து:

நான் இங்கே எழுதுவது அரிது. இன்று எழுதவேண்டியிருக்கிறது.

என் மகள் கடக ராசி, ஆயில்யம். பிறந்த மூன்றாம் நாளே ஒறம்பரை வந்த ஒருவர் 'ஆயில்யமா, மாமியாருக்கு ஆகாதே' என்றார். பொடுசு அப்போது கண்கூடத் திறந்து பார்க்கவில்லை. இருபத்து நாலு வருஷம் கழித்து, இரண்டு வீட்டில் அதே காரணம் சொல்லி ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். விருச்சிகத்துக் கேட்டைக்கும் இப்படி ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள். நீர் ராசிப் பிள்ளைகளுக்குச் சொல்லின் சுமை கொஞ்சம் கூடுதல்.

ஆகவே எனக்குப் பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்தான் கவலை. 'சிணுங்கும்', 'வாடும்' என்று எழுதுகிறீர்கள். செய்யும் என்னும் முற்று, வழக்கத்தையும் காட்டும், நடக்கப்போவதையும் காட்டும். தமிழில் அது படிப்பவர் காதில் தீர்ப்பு மாதிரி விழும். 'ராசி பலன்' எழுதுகிற நடையும் அதேதான். 'சிணுங்கலாம்', 'சிணுங்கினால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதுங்கள். பிறவிக்குணம் என்பதும் வேண்டாம். பிறவிக்குணத்தை மாற்ற முடியாது என்றுதான் நம் வீடுகளில் சொல்வது. 'சுபாவம்' போதும். அது திட்டவும் திட்டாது, முத்திரையும் குத்தாது.

கோவையிலிருந்து:

அக்கா சொன்னதைப் படித்தபின் பிறவிக்குணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சுபாவத்துக்கே என் ஓட்டும்.

பவானியிலிருந்து:

சுபாவம் வடசொல். 'இயல்பு' இருக்கிறதே? பொள்ளாச்சி அம்மணியின் மனசு புரிகிறது, வினை பற்றி அவர் சொன்னது பொன். இயல்பு என்ற சொல்லும் யாரையும் குத்தாது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

காங்கேயத்திலிருந்து:

'நீர் ராசி' ஏற்கிறேன். ஜல ராசி என்று போடாதவரை பழைய கணக்கோடு குழம்பாது. தேளையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம், சூரிய ராசி வரியை மறந்துவிடாதீர்கள்.

திருப்பூரிலிருந்து:

செவ்வாய் இரவு பதினொன்று. கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

'நீர் ராசிக் குழந்தை', கோபியும் காங்கேயமும் சொன்னது. இரண்டாவதற்கு 'இயல்பு' என்று வைத்தேன். சுபாவத்துக்கு இரண்டு பேர், இயல்புக்கு ஐயா ஒருவர்தான், இருந்தாலும் எழுதி எழுதிப் பார்த்ததில் எனக்கு அதுதான் வாயில் நின்றது. பொள்ளாச்சி அக்கா மன்னிக்கணும். வினையெல்லாம் அக்கா சொன்னபடி மாற்றிவிட்டேன், மற்ற ஒன்பது அட்டையிலும். பின்பக்கம் 'சூரியன் நின்ற ராசிப்படி, மேற்கத்தியக் கணக்கு' என்று ஒரு வரி. தேதியை மாற்றக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை.

பவானியிலிருந்து:

அட்டை எப்படியும் போகட்டும். குழுவின் சொல்பட்டியலில் 'புனலோரை' என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எனக்கு இன்னும் அதுதான் சரியான சொல்.

கோபியிலிருந்து:

திருப்பூர் அம்மணி, காலையில் ஞாபகம் வந்தது. மிதுனம், துலாம், கும்பம் அட்டையில் 'காற்று ராசிக் குழந்தை' என்றா எழுதியிருக்கிறீர்கள்? எங்கள் பக்கம் குழந்தைக்குக் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்களே. 'வளி ராசி' என்று போடலாமா? அச்சுக்காரரை ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க முடியுமா என்று கேளுங்கள்.