ஒரே மருந்து, இரண்டு குப்பி, இரண்டு சுவை: ஏன்?

கேள்வி (துப்பப்பட்ட சட்டைக்காரன்):
ஐந்து வயது மகளுக்குக் கிளாரித்ரோமைசின் திரவ மருந்து, 5 மில்லியில் 125 மில்லிகிராம். சென்ற முறை முகம் சுளித்தாலும் விழுங்கிவிட்டாள். இம்முறை வேறு நிறுவனத்தின் குப்பி கிடைத்தது. மருந்தும் அளவும் அதேதான். முதல் வேளையே என் சட்டையில் துப்பிவிட்டாள். கரண்டியில் ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தேன். முதலில் பழ மணத்தோடு நல்ல இனிப்பு. பத்து எண்ணுவதற்குள் அடிநாக்கில் ஒரு கசப்பு ஏறியது. பல் துலக்கியும் இறங்கவில்லை. குளிர்ந்தால் தெரியாது என்று ஃபிரிட்ஜில் வைத்தேன். புளிப்பான பழச்சாற்றில் கலந்தும் கொடுத்தேன். இன்னும் மோசம். பிள்ளையைக் குறை சொல்வதா, குப்பியையா?

பதில் (மருந்துக் கடைக்காரர்):
குப்பியைத்தான். கொஞ்சம் உங்களையும்!

கிளாரித்ரோமைசின் கடுங்கசப்பு. எச்சிலில் கரைந்தது மட்டுமே நாக்குக்குத் தெரியும் என்பதால், மருந்தைப் பொடிக் குருணையாக்கி, வாயில் எளிதில் கரையாதபடி பூச்சுப் பூசுகிறார்கள். நாக்கில் மணல் போல நெருடுவது அதுதான். பூச்சும் இனிப்பும் மணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். குருணையைக் கடித்தாலும் கசப்பு வெளியே வந்துவிடும். புளிப்பும் அதே வேலையைச் செய்யும். பழச்சாறு காலை வாரியது அப்படித்தான். குப்பியிலுள்ள பொடியில் தண்ணீர் கலந்த பிறகு இந்த மருந்தைக் குளிரில் வைக்கக் கூடாது, லேபிளைப் பாருங்கள்.

பதில் (இரண்டு வால்களின் அம்மா):
அமாக்சிசிலின் என்றால் என் மூத்தவன் வாயைத் திறந்துகொண்டு ஓடி வருவான். ஃப்ளூக்ளாக்சசிலின் என்றால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டும். இரண்டுமே பெனிசிலின் வகை என்கிறார்களே?

பதில் (மருந்துக் கடைக்காரர்):
வகை ஒன்றுதான் அம்மா, கரைவதில்தான் வேறுபாடு. அமாக்சிசிலின் நீரில் கொஞ்சமாகத்தான் கரையும். பெரும்பகுதி துகளாகவே மிதக்கும். அதனால்தான் குப்பியைக் குலுக்கச் சொல்கிறோம். ஃப்ளூக்ளாக்சசிலின் பெரும்பாலும் சோடியம் உப்பாக வருகிறது, நன்றாகக் கரைந்து நாக்கெல்லாம் பரவும். எந்த மணம் சேர்த்தாலும் அதன் கசப்பை மறைப்பது கடினம். குளோராம்பெனிகால் என்ற இன்னொரு கசப்பு மருந்தின் விஷயத்தில் ஒரு தந்திரம் செய்தார்கள். பால்மிடேட் என்ற கரையாத வடிவமாக மாற்றினார்கள். வாயில் சுவையே இல்லை, குடலுக்குப் போன பிறகுதான் மருந்து பிரியும். எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு அது.

பதில் (துப்பப்பட்ட சட்டைக்காரன்):
கடையில் சொல்லி, மருத்துவரையும் கேட்டு, பழைய நிறுவனத்தின் குப்பியையே வாங்கிவிட்டேன். இன்று காலை ஊசியில்லாத சிரிஞ்சைக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சிறிது சிறிதாக விட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு சிரிஞ்சை என்னிடம் நீட்டி, "இப்போது அப்பா" என்றாள். தண்ணீரைத்தான் நிரப்பிக் குடித்தேன். முகத்தை மட்டும் நன்றாகச் சுளித்தேன்.