இரண்டு மந்தையிலும் எஸ்பி0120. ஒரே தொற்று என்று எழுதலாமா?

தொழுவத்துக்காரி:

வணக்கம். கால்நடை நுண்ணுயிரியலில் முதுநிலை ஆய்வு செய்கிறேன். மாட்டுக் காசநோய் கண்ட இரண்டு மந்தைகளில், அறுத்த மாடுகளின் நிணநீர் முடிச்சுகளிலிருந்து கிருமியை (மைக்கோபாக்டீரியம் போவிஸ்) வளர்த்து ஸ்பாலிகோடைப்பிங் செய்தோம், அதாவது அதன் டி.என்.ஏ.வில் 43 இடைத்துண்டுகளில் எவை உண்டு, எவை இல்லை என்று புள்ளிகளாகக் காட்டும் சோதனை. எல்லாவற்றிலும் ஒரே வடிவம். 3, 9, 16, அப்புறம் 39 முதல் 43 வரை புள்ளி விழவில்லை, மற்றதெல்லாம் கறுப்பு. தரவுத்தளத்தில் தேடினால் இந்த வடிவத்துக்கு எஸ்பி0120 என்ற வகை எண் வருகிறது. இந்த மந்தைகளுக்கு இடையே மாடு கைமாறியதாகப் பதிவே இல்லை. "டி.என்.ஏ.வே சொல்கிறது, ஒன்றிலிருந்து மற்றதற்குப் பரவியது என்று எழுது" என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஆய்வக ஆந்தை:

எழுதாதீர்கள் அம்மா. முதலில் ஃபிலிமை மறுபடி எடுத்துப் பாருங்கள். கட்டுப்பாடாக, அதாவது விடை முன்பே தெரிந்த ஒப்பீட்டு மாதிரியாக, எதை ஓட்டினீர்கள்? வழக்கமாக எச்37ஆர்வியும் (மனிதக் காசநோய்க் கிருமியின் ஆய்வக வகை) பி.சி.ஜி.யும்தான் (போவிஸிலிருந்து உருவாக்கிய தடுப்பூசிக் கிருமி) இருக்கும். பி.சி.ஜி.யின் வடிவமும் இதே எஸ்பி0120! கட்டுப்பாட்டிலிருந்து ஒரு துளி சிந்தியிருந்தாலும் உங்களுக்கு இதே விடைதான் வரும். மாதிரிக்குப் பதில் வெறும் தண்ணீர் வைத்த வரிசையில் மங்கலாகக்கூட எதுவும் தெரியவில்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு மாதிரிகளில் ஆர்டி1 என்ற டி.என்.ஏ. துண்டு இருக்கிறதா என்று பி.சி.ஆர். செய்யுங்கள். பி.சி.ஜி.யில் அந்தத் துண்டு கிடையாது, மாட்டிலிருந்து வந்த போவிஸில் இருக்கும். எனக்குத் தெரிந்து பலர் இதைச் செய்வதே இல்லை.

அது சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எஸ்பி0120 பல நாட்டு மாடுகளில் சர்வசாதாரணம். இரண்டு பேருக்கு முருகன் என்று பெயர் இருந்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆகிவிடுவார்களா? இந்த முறை பார்ப்பதெல்லாம் டி.என்.ஏ.வின் ஒரே ஓர் இடத்தில் 43 இடைத்துண்டுகள் இருக்கின்றனவா இல்லையா என்பதைத்தான். கிருமி அவற்றை இழக்கும், இழந்ததைத் திரும்பப் பெறாது. ஆகவே சம்பந்தமே இல்லாத இரண்டு வம்சங்கள் ஒரே துண்டுகளை இழந்து ஒரே வடிவத்துக்கு வந்து நிற்கலாம். 39 முதல் 43 வரை இல்லாதது போவிஸ் எல்லாவற்றுக்கும் பொது, அதில் ஒன்றும் துப்பு இல்லை.

அடுத்த படி வி.என்.டி.ஆர். சோதனை: டி.என்.ஏ.வில் க்யூ.யூ.பி-3232, க்யூ.யூ.பி-11பி போன்ற இடங்களில் ஒரே குறுந்தொடர் எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது. 3232 நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் தொடர் நீண்டுவிட்டால் ஜெல்லில் அளவு சொல்வதற்குள் கண் போய்விடும்.

மந்தைக்காரன்:

ஆந்தை சொன்னது சரி. வடிவம் வேறாக வந்தால் என்ன என்றும் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு புள்ளி குறைந்தால் உடனே உறவில்லை என்று தள்ளிவிடாதீர்கள், அது நேற்று இழந்ததாகவும் இருக்கலாம்.

பரவியதா இல்லையா என்று வாதாட முழு மரபணு வரிசை வேண்டும். அதிலும் ஓர் எல்லை உண்டு. போவிஸின் மரபணுத்தொகுதி சுமார் 43 லட்சம் எழுத்து. அவ்வளவிலும் மாறுவது சராசரியாக இரண்டு மூன்று ஆண்டுக்கு ஓர் எழுத்து. ஆகவே இரண்டு மந்தையின் கிருமியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே வந்தாலும், எதிலிருந்து எதற்குப் போனது என்பதைப் பெரும்பாலும் வரிசையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூன்றாவது இடத்திலிருந்து இரண்டுக்கும் வந்திருக்கலாம். வாங்கிய தேதி, மேய்ச்சல் நிலம், காட்டு விலங்கு நடமாட்டம் எல்லாவற்றையும் கூடவே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தொழுவத்துக்காரி:

தண்ணீர் வரிசை சுத்தமாக இருக்கிறது. ஆர்டி1 செய்யச் சொல்லிவிட்டேன். முழு வரிசைக்குக் கொதிக்கவைத்து எடுத்த டி.என்.ஏ. மிச்சம் இருக்கிறது, போதுமா?

ஆய்வக ஆந்தை:

ஸ்பாலிகோவுக்கு அது போதும், முழு வரிசைக்குப் பெரும்பாலும் போதாது. உறைநிலையில் வைத்ததை மறுபடி வளர்த்து, சுத்தமாகப் பிரித்தெடுங்கள். பைருவேட் சேர்த்த ஊடகத்தில் போடுங்கள். கிளிசரால் மட்டும் உள்ளதில் போட்டால் போவிஸ் சோம்பேறியாகக் கிடக்கும். நல்ல ஊடகத்திலேயே வாரக்கணக்கில் ஆகும் என்று வழிகாட்டியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். அதுவரை ஆய்வேட்டில் "இரண்டு மந்தையிலும் ஒரே ஸ்பாலிகோ வகை" என்பதோடு நிறுத்துங்கள்.