பொருள்: மறு: பழைய ஆட்டக்காரரின் காணொளி திரும்பத் திரும்ப வைரலாவதற்குத் தமிழ்ச்சொல்

> 'மீள்பரவல்' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், சரி. ஆனால் நோய் திரும்பினாலும் மீள்பரவல்தான், வதந்தி திரும்பினாலும் அதேதான். புதிதாக ஒன்றுமே நடக்காமல் பழைய அடியிலிருந்தே கிளம்பி வருகிறது என்பது அந்தச் சொல்லில் இல்லை, நமக்கு வேண்டியதே அதுதான்.

குரோஷியாவின் கால்பந்து வீரர் மரியோ மாண்ட்சுகிச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் ஓய்வு பெற்றவர், அதன்பிறகு அவர் காலில் இருந்து ஒரு கோல் கூட வரவில்லை, ஆனாலும் ரீல்ஸில் ஆள் ஓயவில்லை. 2017-இல் ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இத்தாலியின் யுவென்டஸ் கிளப்புக்காக அடித்த அந்த பைசைக்கிள் கிக் (உடலைத் தலைகீழாகச் சாய்த்து அந்தரத்தில் உதைப்பது): சக வீரர் போனூச்சி தூக்கிப் போட்ட பந்து அலெக்ஸ் சாண்ட்ரோ, இகுவாயின் என்று கைமாறி இவரிடம் வந்து வலைக்குள் போகும்வரை தரையையே தொடவில்லை. ஆட்டம் என்னவோ 4-1 என்று ரியல் மாட்ரிட்டுக்குத்தான் போனது, தோற்ற அணியின் கோல் இத்தனை நாள் நிற்பதே அபூர்வம். யாராவது பெரிய ஆட்டத்தில் தலைகீழாகப் பாய்ந்து கோல் போட்டால் போதும், "ரியல் மாட்ரிட்டின் பேல் 2018 இறுதியில் அடித்ததா, இவர் அடித்ததா, எது பெரிது" என்று சண்டை தொடங்கிவிடும்.

2018 உலகக் கோப்பை இன்னொரு சுரங்கம். அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 109-ஆவது நிமிடம் இவர் கோல், கொண்டாட்டத்தில் மொத்த அணியும் ஏஎஃப்பி செய்தி நிறுவனத்தின் புகைப்படக்காரர் யூரி கோர்டெஸ் மேல் விழ, மனிதர் அடியில் கிடந்தபடியே படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான்கே நாளில் இறுதி ஆட்டம். அதில் முதலில் தன் வலைக்கே ஒரு கோல், பிறகு பிரான்ஸ் வலையில் ஒன்று. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் இரண்டு பக்கமும் கோல் போட்டவர் அதுவரை யாரும் இல்லை. சேம்சைடு கோலைப் பற்றி மீம் போட உட்காருகிறவனுக்கு முதலில் அகப்படுவது இவர்தான், பாவம்.

இதற்கு என் பரிந்துரை 'மறுதாம்பு'. கரும்பை வெட்டியபின் புதுக் கரணை (நடுவதற்கான கரும்புத் துண்டு) நடாமல் கட்டையிலிருந்தே வளர்த்தெடுக்கும் பயிருக்கு நம் விவசாயிகள் வைத்திருக்கும் பெயர். மாண்ட்சுகிச்சுக்குப் பிறகும் ஆடிக்கொண்டிருந்த அதே குரோஷிய அணியின் மோட்ரிச்சின் புகழ் புதிதாக நட்ட நடவுப் பயிர், இவருடையது மறுதாம்பு.

> ஊர்ப்பக்கம் தெரியாதவர்களுக்கு விளங்காது. தவிர மறுதாம்பில் போகப்போக விளைச்சல் குறையும், வைரல் அப்படியா?

பெரும்பாலும் அப்படித்தான் ஐயா. முதல் அலையின் கூட்டம் திரும்ப வருவதில்லை, விளையாட்டுப் பைத்தியங்கள் மட்டும் வருகிறார்கள். மாண்ட்சுகிச் இத்தாலியின் ஏசி மிலான் கிளப்பில் இருந்தபோது காயத்தால் ஆடவில்லை என்று 2021 மார்ச் மாதச் சம்பளத்தை வேண்டாம் என்று விட்டார் அல்லவா, அந்தச் செய்தி முதலில் ஓடிய ஓட்டம் வேறு, இப்போது யாரோ ஒரு வீரரின் சம்பளப் பேச்சு வரும்போது அதை எடுத்து ஒட்டுகிறவர்கள் வேறு. விளங்காது என்பதற்கு 'மறுதாம்புப் பரவல்' என்று முழுசாக எழுதினால் தீர்ந்தது.

வினைச்சொல்தான் இழுக்கிறது. வயலில் 'மறுதாம்பு விடுவது' விவசாயி, இங்கே விடுவது யார், ரசிகனா அல்காரிதமா? 'காணொளி மறுதாம்பாக ஓடுகிறது' என்று எழுதிப் பார்த்தேன், சுமாராக வருகிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் இதே இழையில் போடுங்கள்.