ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல், பிரேக் விளக்கு எரிந்த அனுபவங்கள்

இடது முன்சக்கர பேரிங் மாற்றி வண்டியை வெளியே எடுத்த அன்றே ஏபிஎஸ், டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது), ஹில் ஹோல்டு (மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிப்பது) என்று மூன்று மஞ்சள் விளக்கும் வந்துவிட்டன. சாவியைத் திருப்பியதும் வழக்கம்போல எல்லாம் எரிந்து சில நொடியில் அணைந்தன. வண்டி உருண்டு கொஞ்சம் வேகம் பிடித்த பிறகுதான் மூன்றும் ஒன்றாக வந்து அப்படியே நின்றன. எப்போது எரிகிறது என்பதைக் கவனித்து வைத்தது பிறகு ரொம்ப உதவியது.

பேரிங் மாற்றிய இடத்தில் "ஏபிஎஸ் யூனிட் போயிடுச்சு, முழுசா மாத்தணும்" என்றார்கள். என் மனசு ஒப்பவில்லை. மூன்று வசதிகள் ஒரே நிமிடத்தில் தனித்தனியாகக் கெடுவது நடக்கிற காரியமா? பாஷ் 1978-இல் கார்களுக்கு ஏபிஎஸ் கொண்டுவந்தபோது அதன் வேலை சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது மட்டும்தான். அப்புறம் வந்த டிராக்‌ஷன் கன்ட்ரோல், 1995-இல் வந்த இஎஸ்பி (வண்டி சறுக்கிப் பாதை விலகாமல் பார்ப்பது) எல்லாமே அந்த ஏபிஎஸ்ஸின் மேல் கட்டியவை. நான்கு சக்கரங்களிலும் இருக்கும் வேக சென்சார்கள்தான் எல்லாவற்றுக்கும் கண். ஒரு சென்சார் பேசாமல் போனால் எல்லா விளக்கும் எரியும்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். என்ஜினின் கோளாறு எண்களை மட்டும் படிக்கும் சின்ன ஸ்கேனர் இதற்குப் போதாது என்று சொல்லி, ஏபிஎஸ்ஸையும் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். சி0035 என்று வந்தது, அதாவது இடது முன்சக்கர சென்சார். ஓட்டிக்கொண்டே ஸ்கேனரைப் பார்த்தபோது மூன்று சக்கரங்கள் வேகம் காட்டின, இடது முன்சக்கரம் மட்டும் பூஜ்யத்திலேயே இருந்தது. சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது, ஒயரும் அறுபடவில்லை.

அப்புறம் அவர் கையோடு ஒரு புது பேரிங்கை எடுத்துக் காட்டினார். பார்க்க இரண்டு பக்கமும் ஒன்று போலத்தான் இருந்தது. ஒரு பக்கத்து சீலில் மட்டும் காந்தப் பட்டை பதித்திருக்கிறது. மெல்லிய குண்டூசியைக் கிட்டே கொண்டுபோனால் அந்தப் பக்கம் லேசாக இழுக்கிறது, மறுபக்கம் இழுக்கவில்லை. சென்சார் எண்ணுவது அந்தப் பட்டையைத்தான், அதனால் அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். எனக்கு மாட்டியிருந்த பேரிங் தலைகீழாக இருந்தது. அழுத்தி வெளியே எடுத்த பேரிங்கைத் திரும்ப மாட்டக்கூடாது என்பதால் புதிதாக ஒன்று போட்டோம். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டியதும் மூன்று விளக்கும் அணைந்தன. யூனிட்டைத் தொடவே இல்லை. பேரிங் வேலைக்குப் பிறகு விளக்கு வந்தவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அந்தப் பட்டையின் அருகே காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள், அதிலுள்ள காந்தப் பதிவு கெட்டுவிடும்.

*

எனக்கு வந்தது சிவப்பு விளக்கு, வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. நேராகப் போகும்போது எரியாது. வளைவில் திரும்பினால் மினுக்கும், பிரேக் அழுத்தினால் மினுக்கும். ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இறக்கியிருந்தேன். வண்டியை ஓரம்கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைந்தபட்சக் கோட்டை ஒட்டி இருந்தது. வளைவில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்போது உள்ளே இருக்கும் மிதவை இறங்கி விளக்கைப் போட்டிருக்கிறது.

பெட்ரோல் போட வந்த இடத்தில் ஒருவர் "கொஞ்சம் ஊத்திட்டா போதும் சார்" என்றார். ஊற்றினால் விளக்கு அணையும், ஆனால் காரணம் அப்படியே இருக்கும். பிரேக் ஆயில் என்ஜின் ஆயில் மாதிரி எரிந்து தீர்வது இல்லை. பேட் தேயத்தேய பிஸ்டன் வெளியே நகர்ந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பும், அதனால் அளவு மெல்ல இறங்கும். இல்லையென்றால் எங்கோ கசிகிறது. நான்கு டயர்களின் உட்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. பெடலும் உறுதியாக நின்றது. மெதுவாக ஓட்டிப்போய்க் காட்டியதில் முன் பேட்கள் இரும்புத்தகடு வரை தேய்ந்திருந்தன. புது பேட் போட்டு பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஒரு சொட்டுகூட ஊற்றாமல் அளவு தானாக மேலே ஏறிவிட்டது. அன்று மேலே ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது வழிந்து பெயின்ட்டில் பட்டிருக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும்.

டயரின் உட்பக்கம் ஈரமாக இருந்தாலோ, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ ஒரு அடிகூட ஓட்ட வேண்டாம். வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

*

மழையில் மேட்டில் ஏறும்போது வழுக்கும் காரின் படம் போட்ட விளக்கு பட்படவென்று மினுக்கியதும் என் மனைவி பயந்துபோய் நிறுத்தச் சொன்னாள். அது டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு. மினுக்கினால் அந்த நேரத்தில் அது வேலை செய்கிறது என்று அர்த்தம், சக்கரம் வழுக்கிச் சுழலாமல் என்ஜினின் இழுவையைக் குறைக்கிறது. விடாமல் எரிந்தால்தான் கோளாறு, அல்லது யாரோ ஆஃப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். மணலிலோ சேற்றிலோ மாட்டிக்கொண்டால் மட்டும் அதை ஆஃப் செய்யலாம், சக்கரம் கொஞ்சம் சுழன்றால்தான் அங்கே வெளியே வர முடியும்.

*

முதலில் எழுதியவரிடம் ஒரு கேள்வி: மஞ்சள் ஏபிஎஸ் விளக்கோடு சர்வீஸ் சென்டர் வரை ஓட்டிப் போகலாமா?

*

சிவப்பு எரியாமல், பெடலும் வழக்கம்போல் இருந்தால் போகலாம் சார். சாதாரண பிரேக் அப்படியே இருக்கும். திடீரென்று முழுசாக மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே சறுக்கும், அதனால் முன்னால் போகிற வண்டியோடு நிறைய இடைவெளி விடுங்கள். மஞ்சளோடு சிவப்பும் சேர்ந்து எரிந்தால் கதையே வேறு. முன், பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் இபிடியும் போயிருக்கலாம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் லேசாகும், அந்த நேரத்தில் பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி வட்டமடித்துவிடும். அப்போது ஓட்டாதீர்கள்.

*

நான் பார்த்ததையும் சேர்க்கிறேன். என் அண்ணன் காரில் டிராக்‌ஷன் விளக்கு எரிந்தது, க்ரூஸ் கன்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட வைப்பது) வேலை செய்யவில்லை. சென்சார்களை எல்லாம் சோதித்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரவு வண்டியைப் பூட்டிவிட்டு வரும்போது திரும்பிப் பார்த்தால் பின்னால் பிரேக் லைட் அணையாமல் எரிகிறது. பெடலுக்கு மேலே இருக்கும் கட்டைவிரல் அளவு சுவிட்ச் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கால் எப்போதும் பிரேக்கில் இருக்கிறது என்றே கம்ப்யூட்டர் நினைத்திருக்கிறது. சுவிட்சை மாற்றினோம், இரண்டும் சரியாகிவிட்டன.