8 அங்குல டாப்சோனியன்: 48 மடங்கில் தெளிவு, 240 மடங்கில் வியாழன் குழைகிறது. ஐபீஸை மாற்றணுமா?

புதுவானம்:
என்கிட்ட இருக்கறது 8 அங்குல டாப்சோனியன் (கண்ணாடியால ஒளியைக் குவிக்கிற தொலைநோக்கி). கண்ணாடி விட்டம் 203 மி.மீ., குவியத்தூரம் 1200 மி.மீ., அதாவது எஃப்/5.9 (குவியத்தூரத்தை விட்டத்தால வகுத்தது). கூடவே வந்த 25, 10 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ்கள் (கண்ணை வெச்சுப் பார்க்கிற லென்ஸ்கள்), தனியா வாங்கின 2 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டற லென்ஸ்) ஒண்ணு.

25 மி.மீ. போட்டா (48 மடங்கு) வியாழனும் நாலு நிலாக்களும் கூர்மையா இருக்கு. 10-ல (120 மடங்கு) ரெண்டு பட்டையும் தெரியுது. பார்லோவும் சேர்த்து 240 மடங்குக்குப் போனா வட்டு பெரிசாகுது, விவரம் மட்டும் கூடல. ஃபோக்கஸ் எந்த இடத்துல சரின்னே பிடிபடல. போதாததுக்கு வட்டோட ஒரு ஓரம் சிவப்பா, எதிர் ஓரம் நீலமா தெரியுது.

மத்த தகவல்கள்: பார்க்கிற நேரத்துல வியாழன் அடிவானத்துக்கு மேல 25 டிகிரிதான். வீட்டுக்குள்ளேருந்து வெளியே வெச்ச 10 நிமிஷத்துல பார்க்க ஆரம்பிச்சிடறேன். லேசர் கொலிமேட்டர்ல புள்ளி நடுவுக்கே திரும்பி வருது, அதனால கொலிமேஷன் (கண்ணாடிகள் ஒரே நேர்ல நிக்கறது) சரின்னு எடுத்துக்கிட்டேன்.

கண்ணாடியிலயே குறையா? நல்ல 5 மி.மீ. ஐபீஸ் வாங்கினா தீருமா?

திருவாதிரை:
இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதிக் காரணம் இருக்கிறது.

முதலில் அந்த நிறம். கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில்தான் குவிக்கும். லென்ஸ் தொலைநோக்கியில் வரும் நிறப்பிழை இதன் முதன்மைக் கண்ணாடியில் (குழாயின் அடியிலுள்ள பெரிய கண்ணாடி) வர வழியே இல்லை. சிவப்பையும் நீலத்தையும் பிரிப்பது காற்றுமண்டலம். தாழ்வாக இருக்கும் கோளின் ஒளி சாய்வாக நுழைந்து, முப்பட்டகத்தில் பிரிவதைப்போல் பிரிகிறது: வானத்தில் உச்சிப் பக்கம் நீலம், அடிவானப் பக்கம் சிவப்பு. உங்களுடையதைப் போன்ற நியூட்டோனியன் வகைக் கண்ணாடித் தொலைநோக்கியில் படம் தலைகீழ் என்பதால் ஐபீஸில் இது மாறித் தெரியும். 25 டிகிரி உயரத்தில் ஒளி கடக்கும் காற்றின் தடிமன் உச்சியில் இருப்பதைப்போல் சுமார் 2.4 மடங்கு, 60 டிகிரியில் அது 1.15 மட்டுமே. கோள் 50 டிகிரிக்கு மேல் ஏறும்வரை காத்திருந்து பாருங்கள். அப்போதும் நிறம் இருந்தால், கோளைப் புலத்தின் நட்ட நடுவில் வைத்துப் பாருங்கள். நடுவில் மறைந்து ஓரத்தில் மட்டும் வந்தால் அது ஐபீஸ் அல்லது பார்லோவின் வேலை.

அடுத்தது நட்சத்திரச் சோதனை. எந்தக் கருவியும் வேண்டாம், கோளாறு எங்கே என்று இதைவிடத் தெளிவாகச் சொல்வது வேறில்லை. உயரத்தில் இருக்கும் இரண்டாம் ஒளியளவு நட்சத்திரம் ஒன்றை 240 மடங்கில் நடுவுக்குக் கொண்டுவந்து, நாலைந்து வளையங்கள் தெரியும் அளவுக்கு மட்டும் ஃபோக்கஸை விலக்குங்கள். அதிகம் விலக்கினால் சின்னப் பிழைகள் மறைந்துவிடும்.

வளையங்கள் ஒரே மையத்தில் இருந்து, முழுவதுமாக வேகமாகத் துடித்தால் அது மேல் காற்று. அன்றைக்கு அதற்கு மருந்து இல்லை, உருப்பெருக்கத்தைக் குறைக்க வேண்டியதுதான். ஒரு பக்கமாகப் புகைபோல ஏதோ மெதுவாக மேலெழுந்தால் குழாய்க்குள் வெப்பம். (குழாய் வாய்க்கு முன்னால் உங்கள் கையை நீட்டிப் பாருங்கள், கைச்சூடு எழும்புவதே அந்த வட்டில் தெரியும். பிறகு வெப்ப ஓட்டத்தை அடையாளம் காணத் தடுமாற மாட்டீர்கள்.) நடுவிலுள்ள கரும்புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கி வளையங்கள் அங்கே நெருங்கினால் கொலிமேஷன். வளையங்கள் மூன்று மூலை கொண்ட வடிவம் காட்டினால் கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப்புகள் இறுகிவிட்டன. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் அளவு தளர்த்துங்கள்.

நீள்வட்டம் தெரிந்து, குவியத்தின் மறுபக்கம் போகும்போது அது 90 டிகிரி திரும்பினால் ஆஸ்டிக்மாட்டிசம் (ஒளி இரு திசைகளில் வேறுவேறு இடத்தில் குவியும் பிழை). அப்போதும் கண்ணாடியைக் குறை சொல்லும் முன் தலையைச் சாய்த்துப் பாருங்கள். நீள்வட்டமும் கூடவே சாய்ந்தால் பிழை உங்கள் கண்ணில்.

குவியம்:
திருவாதிரை சொன்ன சோதனையில உங்களுக்கு வெப்பமும் கொலிமேஷனும் ரெண்டுமே மாட்டும்னு நினைக்கிறேன்.

10 நிமிஷம் போதவே போதாது. 8 அங்குலக் கண்ணாடி தடிமனான கண்ணாடிக் கட்டி, சூட்டை மெதுவாத்தான் விடும். சுத்தியிருக்கிற காற்றைவிட அது சூடா இருக்கிற வரைக்கும் அதன் முகத்துக்கு மேல ஒரு சூடான காற்றுப் படலம் ஒட்டிக்கிட்டே நெளியும். 48 மடங்குல அது தெரியாது, 240-ல எல்லாத்தையும் அழிச்சிடும். குறைஞ்சது 45 நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரம் வெளியே விடுங்க. கண்ணாடிக்குப் பின்னால 12 வோல்ட் 80 மி.மீ. கம்ப்யூட்டர் விசிறி ஒண்ணை வெச்சா நேரம் நல்லாக் குறையும். திருகிப் பொருத்தாதீங்க, ரப்பர் பேண்டுல தொங்க விடுங்க, இல்லேன்னா அதிர்வு படத்துக்கு வந்துடும். பகல் முழுக்க வெயில் வாங்கின சிமெண்ட் தரையும், பக்கத்துக் கூரைக்கு மேலா பார்க்கிறதும் இதே கெடுதலைத்தான் செய்யும். புல்தரை கிடைச்சா அங்கே வைங்க.

லேசர் விஷயம். புள்ளி திரும்பி வர்றதை மட்டும் வெச்சு நம்பக் கூடாது. லேசரை ஃபோக்கஸர்ல (ஐபீஸ் மாட்டற இடம்) வெச்சு, இறுக்காம மெதுவா ஒரு முழுச் சுற்று சுத்துங்க. முதன்மைக் கண்ணாடி நடுவுல ஒட்டியிருக்கிற வளையத்துல புள்ளி அசையாம நின்னா லேசர் நேர். வட்டம் போட்டா லேசரே கோணல்; அந்தக் கோணலுக்கு ஏத்த மாதிரி நீங்க கண்ணாடியைத் திருப்பி வெச்சிருப்பீங்க.

புதுவானம்:
சுத்திப் பார்த்தேன். கண்ணாடி மேல கிட்டத்தட்ட 1 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் போடுது. இந்த லேசரைத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதானா?

குவியம்:
வேண்டாம், அதே லேசரைப் பார்லோவோட சேர்த்தா முதன்மைக் கண்ணாடிக்கு நம்பி பயன்படுத்தலாம். பார்லோ கதிரை விரிச்சிடறதால லேசரோட சாய்வு கணக்குல வராது.

வெள்ளைத் தாளை வட்டமா வெட்டி, நடுவுல 5 மி.மீ. துளை போட்டு, பார்லோவோட கீழ் முனையில ஒட்டுங்க. பார்லோவை ஃபோக்கஸர்லயும் லேசரை பார்லோவுலயும் போடுங்க. இப்போ கண்ணாடியிலேருந்து திரும்பற ஒளியில, நடு வளையத்தோட நிழல் அந்தத் தாள் மேல விழும். குழாயோட முன்வாய்ப் பக்கமிருந்து, கதிருக்கு நேரே கண்ணை வைக்காம, ஓரமா எட்டிப் பார்த்தா தாள் தெரியும். பின்பக்கத்து மூணு கொலிமேஷன் திருகுகளை ஒவ்வொண்ணா கால் திருப்புக்கும் குறைவா நகர்த்தி, நிழல் துளையைச் சுத்திச் சமமா வர்ற மாதிரி செய்யுங்க.

பக்கத்துல இருக்கிற மூணு பூட்டுத் திருகுகளைக் கடைசியா விரலால லேசா மட்டும் இறுக்குங்க. இங்கேதான் நிறைய பேருக்கு வேலை கெடும்: இறுக்கும்போதே கண்ணாடி நகர்ந்துடும். இறுக்கினதும் மறுபடி நிழலைப் பாருங்க. குழாய் பார்க்கப் போற கோணத்துல, 50, 60 டிகிரியில நிக்கணும். படுக்க வெச்சு சரி செஞ்சதை நிமிர்த்தினா கண்ணாடி கொஞ்சம் சரியும்.

செகண்டரிக்கு (குழாய் வாய்ப் பக்கத்துச் சின்னச் சாய்வுக் கண்ணாடி) மட்டும் இந்த முறை உதவாது. அதுக்கு ஒரு செஷையர் குழாய் (கண்ணாடிகள் நேரா இருக்கான்னு கண்ணால பார்க்கிற கருவி) போதும். செகண்டரி வழியா முதன்மைக் கண்ணாடி முழுசா, அதன் மூணு கிளிப்பும் தெரியணும். திருகைத் தொடறதுக்கு முன்னாடி குழாயைக் கட்டாயம் படுக்க வைங்க: ஆலன் கீயோ செகண்டரியோ நழுவினா நேரா முதன்மைக் கண்ணாடி மேலதான் விழும். செகண்டரியோட நிழல் ஒரு பக்கம் கொஞ்சம் தள்ளி இருக்கிற மாதிரி தெரியறது எஃப்/6 மாதிரிக் குழாய்கள்ல இயல்பு, அதைத் திருத்தப் போகாதீங்க.

செகண்டரியில கொஞ்சம் பிசகினா புலத்தோட ஓரம் மங்கும், அவ்வளவுதான். முதன்மைக் கண்ணாடி பிசகினா நடுப்படமே போச்சு. ஏன்னா கோமா (நட்சத்திரம் வால் முளைச்ச மாதிரி தெரியற பிழை) இல்லாத நடுப்பகுதி சின்னதுதான்: எஃப்/8-ல சுமார் 11 மி.மீ., எஃப்/6-ல 5 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, எஃப்/4-ல ஒன்றரை மி.மீ. கூட இல்லை.

சனிவளையம்:
ஐபீஸ் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 5 மி.மீ. வாங்கினாலும் அதே 240 மடங்குதான் வரும். எக்ஸிட் பியூபில் (ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம், குறையக் குறையப் படம் மங்கும்) 0.85 மி.மீ.; வியாழனின் பட்டைகளுக்கு இடையே நிறவேறுபாடு மெலிதாக இருப்பதால், படம் மங்க மங்க அதுதான் முதலில் தொலையும். சனியும் நிலாவும் 240-ஐத் தாங்கும் இரவில்கூட வியாழன் 150 முதல் 180 மடங்குக்குள் அதிக விவரம் காட்டும். வாங்குவதானால் 7 அல்லது 8 மி.மீ. (171 அல்லது 150 மடங்கு). பிளாசலில் கண்ணை வைக்க வேண்டிய தூரம் குவியத்தூரத்தில் ஏறக்குறைய 0.7 பங்குதான், 6 மி.மீ. பிளாசலில் இமையே லென்ஸில் உரசும். அதனால் இந்த அளவுகளில் கண் தூரம் 15 மி.மீ.க்கு மேல் உள்ள வகையைத் தேடுங்கள்.

ஃபோக்கஸ் பிடிபடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஃப்/5.9-ல் கூர்மை நிற்கும் இடத்தின் ஆழம் 0.1 மி.மீ.கூட இல்லை. குமிழைத் தொட்டாலே குழாய் ஆடுகிறது, அதற்குள் கோளும் நகர்கிறது: 240 மடங்கில் 50 டிகிரிப் புலமுள்ள ஐபீஸை வியாழன் கடக்க ஏறக்குறைய 50 நொடிதான். குழாயைக் கோளுக்கு முன்னால் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள், ஆட்டம் அடங்கட்டும், கோள் தானாக நடுவைக் கடக்கும்போது பாருங்கள். ஃபோக்கஸை வியாழனில் வைக்காமல் அதன் நிலா ஒன்றில் வையுங்கள். புள்ளி மிகச் சிறியதாகும் இடம் கண்ணுக்குச் சட்டென்று தெரியும்.

பெருஞ்சிவப்புப் புள்ளி தெரியவில்லை என்றால் உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். வியாழன் 10 மணி நேரத்துக்கும் குறைவாக ஒரு சுற்றுச் சுற்றிவிடும், புள்ளி பாதி நேரம் மறுபக்கத்தில் இருக்கும். அது நடுக்கோட்டைக் கடக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்கு முன்பின் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். பல 2 மடங்கு பார்லோக்களின் லென்ஸ் பகுதியைத் தனியே கழற்றலாம். அதை 10 மி.மீ. ஐபீஸின் அடியில் ஃபில்டர் மாட்டும் மரையில் நேராகத் திருகினால் சுமார் 1.5 மடங்காக வேலை செய்யும், கிட்டத்தட்ட 180 மடங்கு கிடைக்கும். திருகும்போது லென்ஸ் ஐபீஸின் அடிக்கண்ணாடியைத் தொடாமல் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.